ஆயிரம் பக்கக் கடை

"அமெரிக்காவில் எந்த எழுத்தாளரை ஜனங்கள் மிக அதிகமாகப் படித்தார்கள், சொல்லுங்கள் பார்க்கலாம்" என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். அவர் சும்மா கேள்வி கேட்கிறவர் அல்ல. கேட்டால் அதில் ஏதாவது கண்ணி இருக்கும். இருந்தாலும் நான் துணிந்து, மார்க் ட்வெயின் என்றேன். நண்பர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். "ரிச்சர்டு ஸியர்ஸ்!" என்றார்.

நாம் கேள்விப்படாத நாவலாசிரியர் ஒருவர் இருக்கிறாரே என்று வெட்கத்துடன் விசாரித்தேன். அந்த மனிதர் நாவலும் எழுதவில்லை, நாடகமும் எழுதவில்லை. கடைச் சாமான்களின் விலைப்பட்டியல் எழுதினாராம்!

நண்பர் சொன்னதில் கொஞ்சம் மிகை உண்டு. ஆனால் விஷயத்தைத் துருவிப் பார்த்த பிறகு எனக்கு அந்த ஸியர்ஸிடம் ஒருவிதப் பொறாமையே ஏற்பட்டுவிட்டது. அமெரிக்கப் பட்டிக்காட்டுக் குடியானவன் வீட்டில் பைபிளைத் தவிர வேறொரு புத்தகம் இருந்தால் அது அவருடைய கேட்லாக்தான் என்பார்கள். நாங்கள் எழுதும் புத்தகத்தைப் படித்துவிட்டு வாசகர் கொட்டாவி விடுகிறார். மிஞ்சிப் போனால் ஒரு கடிதம் எழுதுகிறார். ஸியர்ஸ் எழுதியதைப் படித்தவர்களோ பணத்தை எண்ணி உறையில் போட்டு, கண்ணால் கண்டிராத மனிதருக்கு அனுப்பினார்கள். எழுத்தின் சக்திக்கு இதைவிடப் பெரிய பரீட்சை உண்டா?

கதை ஒரு ரயில்வே ஸ்டேஷனில் ஆரம்பமாகிறது. 1886-ஆம் வருஷம், மின்னஸோடா மாகாணத்தில் நார்த் ரெட்வுட் என்ற சின்னஞ்சிறு ஊர். ஸ்டேஷன் ஏஜெண்டு வேலையில் இருந்த ஸியர்ஸுக்கு அப்போது 22 வயது. பக்கத்து ஊர் நகைக் கடைக்காரர் ஒருவருக்கு, தங்கத் தகடு போர்த்திய பாக்கெட் கடிகாரங்கள் ஒரு பெட்டி நிறைய வந்து இறங்கின. கடைக்காரர், "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். பெட்டியைத் திருப்பி அனுப்புவதுதானே ஸ்டேஷன் ஏஜெண்டின் வேலை? ஸியர்ஸ் அனுப்பவில்லை. கடிகாரம் ஒன்று 12 டாலர் என்று தாமே எடுத்துக்கொண்டு, அதே ரயில் பாதையில் இருந்த மற்ற ஏஜெண்டுகளுக்கு எழுதினார். "14 டாலருக்குத் தருகிறேன், நீங்கள் அதற்கு மேல் எவ்வளவுக்கு விற்றாலும் லாபம் உங்களுடையது" என்பதுதான் சாராம்சம். ஆறு மாதத்தில் அவர் கையில் 5000 டாலர் சேர்ந்தது.

கடிகாரத்துக்கு அப்போது அப்படி ஒரு கிராக்கி இருந்ததற்குக் காரணம் உண்டு. 1883 நவம்பர் வரையில் அமெரிக்காவில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மணி. சூரியன் உச்சிக்கு வந்தால் அந்த ஊரில் பன்னிரண்டு, அவ்வளவுதான். ரயில் கம்பெனிகள் சேர்ந்து நாட்டை மண்டலங்களாகப் பிரித்து, ரயில்வே மணியையே பொது மணியாக்கின. நேற்று வரை வெயிலைப் பார்த்து வேலை செய்தவன் இன்றைக்குக் கடிகாரம் பார்க்க வேண்டியவன் ஆனான்.

மறு வருஷம் ஸியர்ஸ் சிகாகோவுக்கு வந்தார். அவருக்குக் கடிகாரம் விற்கத் தெரியுமே தவிர ரிப்பேர் பார்க்கத் தெரியாது. ஆகவே பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார். அதைப் பார்த்து வந்த மெலிந்த, சாதுவான இளைஞர்தான் ஆல்வா ரோபக். 1893-இல் கம்பெனியின் பெயர் 'ஸியர்ஸ், ரோபக்' என்று ஆயிற்று. ரோபக்கின் பெயரை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறார்.

தபால் மூலம் சாமான் விற்பது ஸியர்ஸின் கண்டுபிடிப்பு அல்ல. அதே சிகாகோவில் 1872-இலேயே மான்ட்கோமரி வார்டு என்பவர் ஒற்றைத் தாளில் விலைப்பட்டியல் அச்சிட்டுக் குடியானவர்களுக்கு அனுப்பினார். இவ்வளவு மலிவாக யாராவது விற்க முடியுமா, இது மோசடியாகத்தான் இருக்கும் என்று சிகாகோவின் பெரிய பத்திரிகை ஒன்று எச்சரித்தது. பிறகு உண்மை தெரிந்து அதைத் திருத்திக்கொண்டது. 1875-இல் வார்டு, "திருப்தி இல்லாவிட்டால் பணம் வாபஸ்" என்ற உறுதிமொழியைக் கொடுத்தார். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சொல்கிற வார்த்தை இது. முதலில் சொன்னபோது, வியாபாரி புத்தி பேதலித்துவிட்டானோ என்று தோன்றியிருக்கும்.

இந்த வியாபாரம் பிழைத்ததற்கு உள்ளூர்க் கடைதான் காரணம். பல ஊர்களில் ஒரே ஒரு பலசரக்குக் கடை. சாமான்களின் மேல் விலைச் சீட்டு கிடையாது. முகத்தைப் பார்த்து விலை. அறுவடை வரையில் கடன். அந்தக் கடனுக்கு வட்டி. வட்டி சேர்ந்த கணக்கு கடைக்காரர் கையில். போதாக்குறைக்குப் பல இடங்களில் தபாலாபீஸும் அந்தக் கடைக்குள்ளேயே ஒரு மூலையில் இருக்கும். யாருக்கு யார் எழுதுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. இப்பேர்ப்பட்ட கடைக்கு எதிராகத்தான் ஒரு புத்தகம் கடை விரித்தது.

புத்தகக் கடையில் ஒரு பெரிய சங்கடம். சாமானைத் தொட்டுப் பார்க்க முடியாது. கடைக்காரன் முகம் தெரியாது. பணத்தை முன்னால் அனுப்ப வேண்டும், சாமான் பின்னால் வரும். ஏமாற்றிவிட்டால் சிகாகோவுக்குப் போய்ச் சண்டை போடவா முடியும்? படிக்கிறவன் மனசில் இருக்கும் இந்தப் பயத்தை ஸியர்ஸ் நன்றாக அறிந்திருந்தார். அவரே பட்டிக்காட்டிலிருந்து வந்தவர் அல்லவா? ஆகவே அவருடைய கேட்லாக் சாமானை விற்க ஆரம்பிப்பதற்கு முன்னால் நம்பிக்கையை விற்க ஆரம்பித்தது. முதல் பக்கங்களிலேயே, எங்கள் யோக்கியதையை இன்னின்ன பாங்கிகளில் விசாரித்துக்கொள்ளலாம் என்று பெயர் கொடுத்திருக்கும். வாடிக்கைக்காரர்களின் நற்சான்றுக் கடிதங்கள் இருக்கும். ஆர்டரை எப்படி எழுதுவது, உடம்பு அளவு எடுப்பது எப்படி, ரயில் கூலி எவ்வளவு ஆகும் என்பதையெல்லாம் ஒரு பொறுமையான அண்ணன் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதுபோல் சொல்லியிருக்கும்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஒன்று. உங்களுக்குத் தெரிந்த மாதிரி எழுதுங்கள், எந்தப் பாஷையில் வேண்டுமானாலும் எழுதுங்கள், கையெழுத்து நன்றாக இல்லாவிட்டால் பாதகமில்லை என்று அந்தப் புத்தகம் சொல்லிற்று. ஸ்வீடனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் அந்தச் சமவெளிகளில் ஏராளம். கடையில் போய் இங்கிலீஷில் தடுமாறிச் சிரிப்புக்கு ஆளாவதைவிட, வீட்டு அடுப்பங்கரை மேஜையில் உட்கார்ந்து தாய்மொழியில் நாலு வரி எழுதுவது எவ்வளவு கௌரவம்! சிகாகோவில் அதை மொழிபெயர்க்க ஆள் இருந்தார்கள். டைப் அடித்த பதில் வந்தால் குடியானவர்கள், "எங்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்றா அச்சடித்து அனுப்புகிறீர்கள்?" என்று கோபித்துக்கொள்வார்களாம், அதனால் வெகு நாள் வரையில் கையாலேயே பதில் எழுதினார்கள் என்று சொல்வதுண்டு. மனிதன் எங்கே அவமானப்படுகிறான் என்று தெரிந்தவனுக்குத்தான் அவனை எப்படி உபசரிக்க வேண்டும் என்பது தெரிகிறது.

தந்திரங்களுக்கும் குறைவில்லை. வார்டின் கேட்லாக்கைவிடத் தம்முடையதை ஸியர்ஸ் நீள அகலத்தில் கொஞ்சம் சின்னதாக அச்சிட்டாராம். வீட்டுக்காரி இரண்டையும் ஒழுங்காக அடுக்கி வைக்கும்போது பெரியது அடியிலும் சின்னது மேலேயும்தானே போகும்! 1905-இல் அயோவா மாகாணத்தில் இன்னொரு யுக்தி செய்தார். நல்ல வாடிக்கைக்காரர்களுக்கு ஆளுக்கு 24 கேட்லாக்குகளை அனுப்பி, அக்கம் பக்கத்தாருக்குக் கொடுக்கச் சொன்னார். அந்த அக்கம் பக்கத்தார் வாங்கும் சாமானைப் பொறுத்து இவர்களுக்குப் பரிசு. முன்பின் தெரியாத கம்பெனி சொன்னால் நம்பாதவன், அடுத்த வீட்டுக்காரன் சொன்னால் நம்புவான் அல்லவா?

இந்தப் புத்தகத்தின் பெரும் பகுதியை ஆரம்பத்தில் ஸியர்ஸ் ஒருவரே எழுதினார் என்பதை மறந்துவிடக் கூடாது. 1895-இல் அது 532 பக்கம். தையல் இயந்திரம், சேணம், ஏர், பாத்திரம், பிடில், குழந்தைக்குத் தொப்பி, இறந்தவருக்குக் கல்லறைக் கல் எல்லாவற்றையும் பற்றி அவர் பேனா ஓடிற்று. ஓடியது என்பதைவிடப் பறந்தது என்று சொல்ல வேண்டும். சில சமயம் கையிருப்பில் சரக்கு இல்லாமலே வர்ணித்துவிடுவார். ஆர்டர்கள் குவிந்த பிறகு சரக்கைத் தேடிக்கொண்டு ஓடுவார். சோபாவும் இரண்டு நாற்காலிகளும் 95 ஸென்ட் என்று அவர் விளம்பரம் செய்ததாக ஒரு கதை வழங்குகிறது. பணம் அனுப்பினவர்களுக்குப் பொம்மை வீட்டில் வைக்கும் அளவில் ஒரு சோபாவும் இரண்டு நாற்காலிகளும் வந்து சேர்ந்தனவாம். விளம்பரத்தில் 'மிகச் சிறிய' என்பதைக் குறிக்கும் வார்த்தை பொடி எழுத்தில் இருந்ததாம்!

என் சிற்றப்பா ஒருவர் பத்திரிகை விளம்பரம் பார்த்து வி.பி.பி.யில் கைக்கடிகாரம் வரவழைத்தார். அது இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாளிலிருந்து அவர்தான் அந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுதிக்கொண்டு ஓடினார். ஆகவே பொம்மை சோபா கதையைப் படித்தபோது எனக்கு முழுச் சிரிப்பு வரவில்லை.

சிரிக்கவே முடியாத பக்கங்களும் அந்தக் கேட்லாக்கில் உண்டு. மருந்துப் பகுதியைச் சொல்கிறேன். லாடனம் என்னும் அபினித் திராவகத்தை அதில் விற்றார்கள். அபினிப் பழக்கத்தை ஒழிக்கும் மருந்தையும் அதே புத்தகத்தில் விற்றார்கள். முகம் வெளுக்க ஆர்ஸெனிக் வில்லைகள். ஆண்களின் தளர்ச்சிக்கு மின்சார பெல்ட். தையல் இயந்திரத்தைப் பற்றி எந்தப் பரிவோடும் உறுதியோடும் பேசிற்றோ, அதே பரிவோடும் உறுதியோடும் அந்தக் குரல் இவற்றைப் பற்றியும் பேசிற்று. தையல் இயந்திரம் சொன்னபடி தைத்தது. ஆகவே பெல்ட்டையும் நம்பினார்கள். நல்ல சரக்கு சம்பாதித்துக் கொடுத்த நம்பிக்கையைக் கெட்ட சரக்கு உட்கார்ந்து தின்றது. பொய்யை மட்டும் விற்கிறவனைவிட இப்படிக் கலந்து விற்கிறவனிடம் தப்புவது கஷ்டம்.

இந்த இடத்தில் இன்னொரு மனிதர் வருகிறார். அவர் ஜூலியஸ் ரோஸன்வால்டு. துணி வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர்; 1895-இல் கூட்டாளியாகச் சேர்ந்தார். அவர் வந்தபோது கம்பெனியில் ஆர்டர்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. எந்தச் சாமான் யாருக்குப் போகிறது என்பது பகவானுக்கே வெளிச்சம். ஒரே ஒரு தையல் இயந்திரம் கேட்ட ஒருவர், "ஸ்டேஷனுக்குப் போகும்போதெல்லாம் ஒரு புது இயந்திரம் காத்திருக்கிறது, இதுவரை ஐந்து வந்துவிட்டன, தயவுசெய்து நிறுத்துங்கள்" என்ற மாதிரி எழுதினார் என்று சொல்லப்படுகிறது.

1906-இல் சிகாகோவின் மேற்குப் பகுதியில் 40 ஏக்கரில் பிரம்மாண்டமான கட்டடத் தொகுதி எழும்பிற்று. காலையில் வரும் தபாலை முதலில் தராசில் நிறுத்து, அன்றைக்கு எத்தனை ஆர்டர் என்று மதிப்புப் போடுவார்கள். ஓட்டோ டோரிங் என்ற அதிகாரி ஒரு திட்டம் வகுத்திருந்தார். அதன்படி ஒவ்வொரு ஆர்டருக்கும் கால் மணி நேரம் என்று ஒரு வேளை குறிக்கப்படும். ஒரு வீட்டுக்கு வேண்டிய சட்டை ஒரு இலாகாவிலிருந்தும், வாணலி ஒரு இலாகாவிலிருந்தும், பூட்ஸ் ஒரு இலாகாவிலிருந்தும் சறுக்குப் பாதைகளிலும் ஓடும் பட்டைகளிலும் கிளம்பி, அந்தக் கால் மணிக்குள் ஒரே தொட்டியில் வந்து விழ வேண்டும். தவறினால் அந்தச் சாமானைத் தனியே அனுப்பும் செலவு தவறிய இலாகாவின் தலையில். 1911-இல் சரக்குகளைச் சோதிக்கப் பரிசோதனைச்சாலை வைத்தார்கள். 1913-இல் அந்த மருந்துப் பக்கங்கள் கேட்லாக்கிலிருந்து மறைந்தன.

ஸியர்ஸ் அதற்குள் போய்விட்டார். 1907-இல் நாட்டில் பணமுடை ஏற்பட்டபோது, விளம்பரத்தைக் கூட்டு என்றார் ஸியர்ஸ். செலவைக் குறை என்றார் ரோஸன்வால்டு. மறு வருஷம் ஸியர்ஸ் ராஜிநாமா செய்தார். 1914-இல், ஐம்பது வயதில், காலமானார். எழுத்துக்காரன் என்ற முறையில் எனக்கு ஸியர்ஸ் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. ஆனால் அவருடைய வாக்கைக் காப்பாற்றியது அவர் பேனா அல்ல, டோரிங்கின் கால் மணிதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னது வியாபாரக் கதை. இந்தக் கேட்லாக்கினால் விளைந்த பெரிய காரியம் எதுவென்றால், அமெரிக்கத் தென் மாகாணங்களில் நடந்ததைத்தான் சொல்வேன்.

அங்கே கறுப்பு இனத்தவர் அடிமைத்தனத்திலிருந்து சட்டப்படி விடுபட்டு வெகு காலம் ஆகியும், கடையில் அவர்கள் நிலைமை மாறவில்லை. வெள்ளைக்காரர் ஒவ்வொருவரும் வாங்கிப் போன பிறகுதான் அவர்கள் முறை. நல்ல சரக்கு இருந்தாலும் மட்டச் சரக்கைத்தான் எடுத்துப் போடுவார்கள். பெரும்பாலோர் வாரக் குடிகள். கடைக் கணக்கு நில முதலாளியின் கணக்கோடு பின்னிக் கிடக்கும். தன் மனைவிக்கு இன்ன துணி வேண்டும் என்று ஆசைப்பட்டாலும் அதைக் கடைக்காரனின் பார்வைக்கு முன்னால்தான் ஆசைப்பட வேண்டும்.

கேட்லாக்குக்குக் கண் இல்லை. அதில் எல்லாருக்கும் ஒரே விலை, ஒரே சரக்கு. 1896-இல் கிராமங்களுக்கு இலவசத் தபால் பட்டுவாடா ஆரம்பமாகி, தபால்காரர் வீட்டு வாசலுக்கே வந்து மணியார்டரை வாங்கிக்கொண்டு போகலானார். கடைக்குள் இருக்கும் தபாலாபீஸில் கால் வைக்க வேண்டிய அவசியம் குறைந்தது. கம்பெனியின் பெயர் வெளியே தெரியாமல் பார்சல் கட்டும் வழக்கமும் இருந்தது. 2018-இல் இந்தக் கம்பெனி திவாலுக்கு மனுக் கொடுத்த சமயத்தில், லூயிஸ் ஹைமன் என்ற சரித்திர ஆசிரியர் இந்தச் செய்தியைப் பலரும் அறியும்படி எடுத்துச் சொன்னார். தென்பகுதிக் கடைக்காரர்களுக்கு இது அப்போதே தெரிந்திருந்தது. ஸியர்ஸே கறுப்பு இனத்தவர் என்று அவர்கள் வதந்தி கிளப்பிவிட்டார்கள். அந்த நாளில் ஒருவரைக் கெடுக்க அதுவே போதும் என்று நினைத்தார்கள்.

மட்டி வாட்டர்ஸ் என்ற புகழ்பெற்ற பாடகர் மிஸ்ஸிஸிப்பியில் பருத்திக் காட்டில் வளர்ந்தவர். வீட்டில் மிஞ்சியிருந்த குதிரையை 15 டாலருக்கு விற்று, பாதியைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் சுமார் இரண்டரை டாலர் போட்டுத் தம் முதல் கிதாரை வாங்கியதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த ஜாதிக் கிதார்களைச் சிகாகோவிலிருந்து ஸியர்ஸ் மூலம்தான் அங்கே வரவழைப்பார்களாம். 1943-இல் அவரும் அந்தச் சிகாகோவுக்கே போய்ச் சேர்ந்தார். சிகாகோவின் சங்கீதமே மாறிப் போயிற்று.

ரோஸன்வால்டோ கேட்லாக்கில் சம்பாதித்த பணத்தை அதே தென்பகுதிக்குக் கொண்டு போனார். புக்கர் வாஷிங்டனுடன் சேர்ந்து, கறுப்பு இனக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டும் வேலையில் இறங்கினார். 1932-க்குள் சுமார் 5000 பள்ளிக்கூடங்கள் எழுந்தன. ஊரார் தங்கள் பங்கைக் கொடுத்தால்தான் தம் பங்கு என்பது அவர் நிபந்தனை. கூலி வேலை செய்து வயிறு கழுவிய அந்த ஜனங்கள் எல்லா ஊர்களிலும் சேர்த்துக் கொடுத்த தொகை, கோடீசுவரர் நிதியிலிருந்து வந்த தொகையைவிடக் கூடுதலாக இருந்தது.

உள்ளூர்க் கடைக்காரர்களை வெறும் வில்லன்களாகச் சித்திரித்துவிட எனக்கு மனமில்லை. அறுவடை பொய்த்த வருஷத்தில் கடன் கொடுத்து அடுப்பெரிய வைத்தவர்களும் அவர்களில் உண்டு. சிகாகோ புத்தகம் ஒரு நாளும் அந்த மாதிரி இரக்கம் காட்டவில்லை. 1913 ஜனவரி முதல் தேதி பார்சல் தபாலும் வந்ததும் அவர்கள் கதி கலங்கிவிட்டது. சில ஊர்களில் கேட்லாக்கைக் கொண்டுவந்து கொடுக்கும் பையன்களுக்குச் சினிமா டிக்கெட் கொடுத்து, சேர்ந்த புத்தகங்களை நடுத்தெருவில் சொக்கப்பனை கொளுத்தினார்கள். புத்தகத்தை எரித்து எந்தப் புத்தகம் அழிந்திருக்கிறது?

1908-இலிருந்து 1940 வரையில் முழு வீட்டையே மரச் சட்டங்களாக அறுத்து ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். இப்படி எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் விற்றன. ஆணி முதற்கொண்டு கணக்காக வருமாம்.

1993-இல் கம்பெனியார் அந்தப் பெரிய கேட்லாக்கை நிறுத்திவிட்டார்கள். நஷ்டம் என்று காரணம் சொன்னார்கள். வேடிக்கையைப் பாருங்கள்: 1995 ஜூலையில் ஸியாட்டில் நகரிலிருந்து அமேஸான் என்ற கடை கம்ப்யூட்டர் திரையில் புத்தகம் விற்க ஆரம்பித்தது. இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசித் திரையில் பார்க்கும் கடைகளைக் கொஞ்சம் உற்றுக் கவனித்தால், அதே ஸியர்ஸ் உள்ளே உட்கார்ந்திருப்பது தெரியும். நற்சான்றுக் கடிதங்களுக்குப் பதில் நட்சத்திரங்கள். பணம் வாபஸ் உண்டு. சிநேகிதருக்குச் சொன்னால் பரிசும் உண்டு. மருந்துப் பக்கமும் எங்கேயோ இருக்கத்தான் இருக்கிறது. ஒரு வித்தியாசம்: பழைய கேட்லாக் நம்மைத் திருப்பிப் பார்க்கவில்லை. புதியது நாம் எந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று குறித்து வைத்துக்கொள்கிறது.

ரோபக்கைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். கடனுக்கும் பரபரப்புக்கும் பயந்த அந்தச் சாது, 1895-இலேயே தம் பங்கை 25,000 டாலருக்குக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். பிறகு வேறு தொழில்கள் செய்தார். 1929-க்குப் பின் வந்த பொருளாதார மந்தத்தில் நஷ்டப்பட்டு, தம் பெயர் தாங்கிய கம்பெனிக்கே சம்பளக்காரராகத் திரும்பி வந்தார். முதலில் ஒரு மூலையில் பழைய சரித்திரத்தைத் தொகுக்கும் வேலை. ஒரு சமயம் கம்பெனியின் கடையொன்றுக்கு அவரை அழைத்துப் போனபோது, ஜனங்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள். அதிலிருந்து ஊர் ஊராக, கடை கடையாக அவரை அனுப்பத் தொடங்கினார்கள். எழுபது வயதுக் கிழவர் ஒரு மேஜைக்குப் பின்னால் நிற்பார். அவர் பெயரைத் தங்கள் வீட்டு மேஜையில் நாற்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த குடியானவர்களும் அவர்கள் மனைவிமார்களும் வரிசையில் வந்து கையைக் குலுக்குவார்கள். அப்படி ஒரு மனிதர் உண்மையிலேயே இருக்கிறார் என்பதில் அவர்களுக்கு ஒரே ஆச்சரியம்.